ராவா அடிக்கிற ஆளு

எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. எவனும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆள் முக்கால் பாட்டில் பிராந்தியைக் கோலாவில் கலந்து குடித்துவிட்டு, வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் தென்னை மரத்தடியில் கிடந்தால் ‘கொஞ்சம் சந்தோசமா இருக்காருங்க’ என்பார்கள். இன்னொரு ஆள் சனிக்கிழமை சாயங்காலம் சின்ன கிளாஸில் இரண்டு மடக்கு விஸ்கியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி, நாக்கில் வைத்து ருசி பார்த்துப் பொறுமையாகக் குடித்தால் அவன் குடிகாரன். ‘அய்யய்யோ, அவரு ராவா அடிக்கிற ஆளுங்க!’ இந்த ‘ராவா’வைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். யாருக்காவது கேன்சர் என்று சொல்லும்போதுதான் எங்கள் ஆட்கள் இவ்வளவு தாழ்த்திப் பேசுவார்கள்.

அந்த இரண்டாவது ஆள் நான்தான். இந்தப் பாழாய்ப்போன சட்டம் என் பெண்ணின் கல்யாணத்துக்குள் எப்படி வந்து நுழைந்தது என்பதைச் சொல்லப்போகிறேன். பொறுமையாகச் சொல்ல வருமா என்று தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் சாமான்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். கோபக்காரன் என்று பெயர். பெயரில் தப்பொன்றும் இல்லை. அளவு ஒரு நூல் பிசகினாலும் சாமானைத் தூக்கி மூலையில் வீசுகிறவன்தான். வாலிப வயதில் எல்லாரையும் போல நானும் குடித்திருக்கிறேன். பிராந்தி, ஆரஞ்சு கலர், ஊறுகாய். குடிப்பது என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டென்று உள்ளே தள்ளுவது என்றுதான் நினைத்திருந்தேன். அதில் ருசி என்று ஒன்று இருக்கலாம் என எவனும் சொன்னதில்லை. இருந்தால்தானே சொல்வதற்கு!

பிறகு ஒருமுறை மெஷின் கண்காட்சி பார்க்க அமெரிக்கா போனேன். எனக்கு மெஷின் விற்கப் பார்த்த கம்பெனியின் இன்ஜினியர், என் வயதுக்காரர், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார். சின்ன கிளாஸில் செம்பழுப்பாக எதையோ ஊற்றி என் முன்னால் வைத்தார். நான் பழக்கதோஷத்தில் தண்ணீர் ஜாடியை எடுக்கக் கை நீட்டினேன். மனுஷன் தன் உள்ளங்கையால் கிளாஸின் வாயை மூடிவிட்டார். முதலில் மோந்து பார், அப்புறம் ஒரு சொட்டு, அது அடங்கியதும் இன்னொரு சொட்டு என்று ஜாடை காட்டினார். அதுதான் போர்பன். மக்காச்சோளத்தில் செய்கிற விஸ்கி. முதல் சொட்டு சுட்டது. மூன்றாவது சொட்டு இனித்தது. இத்தனை வருஷமாக நம்மை ஏமாற்றியிருக்கிறார்களே என்று அந்த மேஜையிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் தேட ஆரம்பித்தேன். மாலில் இருக்கிற ஏசி சரக்குக் கடையில் போர்பன் என்று ஒரு மூலையில் நாலைந்து பாட்டில்தான் நின்றன. தூசி தட்டி ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். கடைப் பையன் பக்கத்தில் வந்து, “மிக்ஸிங்குக்கு எது நல்லா இருக்கும்னு பாக்கறீங்களா சார்?” என்றான்.

“மிக்ஸிங் இல்லீங்க தம்பி. அப்படியே குடிக்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தான். “உடம்பப் பாத்துக்குங்க சார்” என்றான். பக்கத்தில் ஒரு ஆள் கூடை நிறையப் பிராந்தியும் ரெண்டு லிட்டர் கோலாவும் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய உடம்பைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

முதலில் இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கினேன். நெயில் பாலிஷைத் திறந்த மாதிரி வாசம். தொண்டையில் இறங்கும்போது உள்ளே யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். சரி, காசைப் பார்க்கக் கூடாது என்று அடுத்த முறை இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கினேன். மரப்பெட்டி, தங்க எழுத்து, உள்ளே பட்டுத்துணி மெத்தை. நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்த காசில் பாதி அந்தப் பெட்டிக்குப் போயிருக்கிறது, வாய்க்கு வரவில்லை. அந்தப் பெட்டியில் இப்போது என் மனைவி ஊசிநூல் வைத்திருக்கிறாள்.

ஆகவே நடு விலையில்தான் தேட வேண்டும். இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவட்டும். லேபிளில் ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற சொல் இருக்க வேண்டும். அது இருந்தால் கலர் சேர்த்திருக்க மாட்டார்கள், ரெண்டு வருஷத்துக்குக் குறையாமல் பீப்பாயில் கிடந்திருக்கும். அந்த நிறமெல்லாம் உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் மரத்திலிருந்து வருவது. அடுத்தது வீரியம். நாற்பது சதவீதம் என்று போட்டிருந்தால் தண்ணீர் கலக்காமல் குடிக்கிறவனுக்குச் சப்பென்று இருக்கும். ஐம்பதைத் தாண்டினால் நம்ம ஊர் வெயிலுக்கு நெருப்பு. ரெண்டுக்கும் நடுவில் பார்க்க வேண்டும். மூன்றாவது, மக்காச்சோளத்தோடு வேறு என்ன தானியம் சேர்த்திருக்கிறார்கள் என்பது. ரை என்கிற தானியம் அதிகமாக இருந்தால் மிளகு மாதிரி காரமாக இருக்கும். கோதுமை சேர்த்தால் சாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்கு முடிவு எடுக்கத் தெரியவில்லை. தேர்ந்தெடுத்தது என் மனைவி. அவள் ஒரு சொட்டு குடித்தவள் இல்லை. ஆனால் மூக்கு இருக்கிறதே, மூணாவது வீட்டில் கடுகு கருகினால் இங்கிருந்து சொல்வாள். நடு விலையில் மூன்று பாட்டில் சேர்ந்திருந்தது. ரெண்டு நான் கடையில் வாங்கியது, ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதன் கொடுத்தது. மூன்று கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் நீட்டினாள்.

“இது அழுகுன கொய்யாப்பழமுங்க. அக்கட்டால வையுங்க.”

அடுத்தது. “இது பல் டாக்டருகிட்டப் போனா அடிக்குமே, அந்தக் கிராம்பு வாசம்.”

மூன்றாவதைக் கொஞ்ச நேரம் மோந்தாள். முந்தானையை இறக்கினாள். “ஏனுங்க, இது கருப்பட்டிப் பாகுங்க. கூடவே புதுசா மாட்டுன கதவு வாசம். இதையே குடிங்க.”

குடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. இது மக்காச்சோளத்தில் செய்கிறார்கள் என்றேன். சிரித்துவிட்டாள். “நாம கோழிக்குப் போட்டுப்போட்டுக் கோழியத் திங்கறோம். அவுங்க நேராவே குடிச்சுப்போடறாங்க போல!” அன்று முதல் அந்த பாட்டில்தான். சனிக்கிழமை பட்டறையைப் பூட்டி, குளித்து, சட்டை மாற்றி, ஒரு சின்ன கிளாஸ். ஒரு பாட்டில் எனக்கு மாசக்கணக்கில் வரும்.

என் பெரியப்பா மகன் ஒருவன் இருக்கிறான். என்னைவிட இளையவன், வாய் மட்டும் பெரியது. ஒரு சனிக்கிழமை ஏதோ பத்திரிகை வைக்க வந்தான். வந்தவனுக்கு ஊற்றாமல் நான் மட்டும் குடிப்பது மரியாதை இல்லையே என்று அவனுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினேன்.

“கலக்கறதுக்கு என்னங்ண்ணா இருக்குது?”

“எதையும் கலக்க வேண்டாம்டா. மெதுவாக் குடி.”

மெதுவாகவா குடித்தான்? மடக்கென்று விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி உள்ளே கவிழ்த்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது, இருமினான், மேஜையைத் தட்டினான். கடைசியில், “நல்லா இருக்குதுங்ண்ணா” என்றான். இதுதான் எங்கள் ஊர்! வாயில் தீயே பிடித்தாலும் ‘நல்லா இருக்குதுங்க’. அந்த மரியாதையோடு எழுந்து போனவன் நேராக பேக்கரிக்குப் போய், டீ வாங்கிக்கொண்டு, அங்கே இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறான்: “எங்கண்ணன் ராவா அடிக்கறாருங்க. கூட வெறும் முறுக்குக்கூட இல்லீங்க.”

அந்த நேரம் பார்த்துத்தான் என் பெண்ணுக்கு வரன் கூடி வந்தது. அவள் கோவையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பையன் பெங்களூரில் வேலை. சொந்த ஊர் வெள்ளகோவில், அப்பாவுக்கு அங்கே எண்ணெய் மில். ஜாதகம் சேர்ந்ததும் ரெண்டு பேரும் சில மாதம் போனில் பேசினார்கள், காபி குடிக்கப் போனார்கள். ஒருநாள் என் பெண் என் எதிரில் வந்து உட்கார்ந்து, “எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா” என்றாள். இதற்கு முன்னால் வந்த ஒரு வரனைப் பற்றியும் அவள் அப்படிச் சொன்னதில்லை. எனக்குப் பையனைப் பிடித்ததோ இல்லையோ, அந்த முகத்தைப் பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசினால் விசாரிப்பார்கள். நேரில் கேட்க மாட்டார்கள், அது மரியாதைக் குறைவு. பேக்கரி, மெடிக்கல் ஷாப், டெய்லர் கடை என்று கேட்பார்கள். பையன் வீட்டாரும் ஆள் விட்டு விசாரித்தார்கள். கொஞ்ச நாளில் இந்த வரனைக் கொண்டுவந்த உறவுக்காரர் என் மனைவிக்குப் போன் செய்தார். “எல்லாம் திருப்திதானுங்க அம்மணி. ஆனா பொண்ணோட அப்பா… ராவா அடிப்பாருன்னு பேச்சு வருதுங்க. அவுங்க கொஞ்சம் யோசிக்கறாங்க.”

நான் அப்போது பட்டறையில் இருந்திருந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். வெள்ளகோவில் சம்பந்தி தினமும் குடிப்பவர் என்பது நாங்கள் விசாரித்தபோது எங்களுக்கும் தெரிந்ததுதான். ‘அளவாக் கலந்துதான் குடிப்பாருங்க, நல்ல மனுசன்’ என்று சொன்னார்கள். நாங்களும் தலையாட்டினோம். தினமும் குடிக்கிற அவர் நல்ல மனுசன், நான் வாரத்துக்கு ஒருநாள் குடிப்பது யோசிக்க வேண்டிய விஷயமா? என்னய்யா நியாயம் இது?

என் மனைவி என்னைக் கத்தவிட்டு, முடிந்த பிறகு சொன்னாள். “அவுங்க குலதெய்வத்துக்குக் கெடா வெட்டறாங்களாம், ஆனைமலை பக்கத்துல அவுங்க தோப்புல. நம்மளையும் கூப்புட்டிருக்காங்க. அங்க ஊத்திக் குடுப்பாங்க. நாலு பேரு பாக்க, தண்ணி கலந்து ஒரு டம்ளர் குடிச்சுப்போடுங்க. பேச்சு நின்னுபோகும். உங்களக் கும்பிட்டுக் கேக்கறனுங்க, அங்க வந்து கோவப்படாதீங்க. அவ முகத்தப் பாருங்க.”

சரி என்று சொன்னேன். அது மட்டும் இல்லை, கையோடு அந்தப் போர்பனில் ஒரு புது பாட்டிலும் வாங்கிக்கொண்டேன். சம்பந்திக்குக் கொடுக்கலாம், நல்ல சாமான் என்றால் என்ன என்று ஒருமுறை தெரிந்துகொள்ளட்டும் என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனோம். நான் குடிக்கிற நாளில் வண்டியை என் மனைவிதான் ஓட்டுவாள், அது எங்கள் வீட்டு வழக்கம். தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு. பந்தல், பெரிய அண்டாவில் கறி, ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தார்கள். சம்பந்தி வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்தார். “வாங்க சம்பந்தி, வாங்க வாங்க! தங்கச்சி, உள்ள வாங்க!” பெண்கள் பந்தல் பக்கம் போனார்கள். ஆண்களைச் சாளைக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே கயிற்றுக் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, பேப்பர் டம்ளர், ஐஸ் பெட்டி.

நான் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாரின் சரக்குங்களா? எதுக்குங்க சிரமம்!” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினார். நான் வாயைத் திறப்பதற்குள், ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜக்கில் பாட்டிலைக் கவிழ்த்தார். முழுசாக. அதன் மேல் ரெண்டு லிட்டர் கோலாவை ஊற்றினார். ஐஸைக் கொட்டினார். சட்னி கலக்கிற மாதிரி ஒரு கரண்டியை விட்டுக் கலக்கினார். நுரை பொங்கி வழிந்தது. கருப்பட்டிப் பாகும் புதுக் கதவும் அந்த நுரைக்கு அடியில் செத்துப் போயின.

எனக்கு முதல் டம்ளர். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ராவா அடிக்கிறவன் கலந்து குடிப்பானா என்று பார்க்கிறார்கள்! பந்தல் பக்கம் என் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. குடித்தேன். இருமல் மருந்து மாதிரி இருந்தது.

“எப்படிங்க சம்பந்தி?”

“நல்லா இருக்குதுங்க” என்றேன். ஆமாம், நானும் அதையே சொன்னேன்.

அவரும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு உதட்டைச் சப்பினார். “நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் மர வாசம் அடிக்குது, அவ்வளவுதான். நம்ம பிராந்தி மாதிரி வராதுங்க.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பல்லைக் கடிப்பதும் காட்டுவதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றாகத்தான் தெரியும்.

நான் அந்த ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. ஜக்கு தீர்ந்தது, பிராந்தி வந்தது, அதற்கும் கோலா. இலை போட்டார்கள், சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகும் அவர் பின்பக்கம் போய்விட்டு வந்தார். வீட்டுக்குப் பெரியவர், தோட்டத்துக்குச் சொந்தக்காரர், நோம்பி விசேஷ நாள். போதும் என்று யார் சொல்வார்கள்?

வெயில் சாய்ந்தபோது அவர்களே ஒரு யோசனை சொன்னார்கள். வெள்ளகோவிலில் புது வீடு கட்டி முடித்திருக்கிறார்கள், எல்லாரும் அங்கே போய் அதைப் பார்த்துவிடலாம். “பொண்ணு எங்க வண்டியில வரட்டுமுங்க, நாளைக்கு அவ இருக்கப்போற ஊடுதானே. நீங்க பின்னாலயே வாங்க” என்று பையனின் அம்மா சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். என் பெண் வெட்கத்தோடு போய்ப் பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பையன் உட்கார்ந்தான்.

சம்பந்தி வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். இடது செருப்பை வலது காலில் மாட்டப் பார்த்தார், வரவில்லை, விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். கதவைத் திறக்க ரெண்டு முறை கை தவறியது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி பின்னாலிருந்து மெதுவாக, “ஏனுங்க, பையன் ஓட்டட்டுமேங்க” என்றார்.

அவர் சிரித்தார். “எனக்கென்ன ஆச்சு? நான் என்ன ராவாவா அடிச்சேன்? கலந்துதானே குடிச்சேன்!”

இதைச் சத்தியமாக நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். கலந்து குடித்தால் ஏறாதாம்! பொள்ளாச்சி, தாராபுரம், தேங்காய் மட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாக வருகிற ரோடு, முன்னால் இருட்டு. உள்ளே என் பெண்.

நடந்து போய் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவிவிட்டேன்.

“சம்பந்தி, நீங்க வண்டி எடுக்க வேண்டாமுங்க. தம்பி ஓட்டட்டும்.” இவ்வளவு பணிவாகத்தான் சொன்னேன். வாயில் ‘ங்க’ இருந்தது, கையில் சாவி இருந்தது.

அவர் முகம் சிவந்தது. “சாவியக் குடுங்க சம்பந்தி. இந்த ரோட்டுல முப்பது வருசமா ஓட்டறேன்.”

“என் பொண்ணு உள்ள உக்காந்திருக்கறாளுங்க.”

“என் பையனுந்தான் உக்காந்திருக்கறான்! எனக்குத் தெரியாதா?”

பக்கத்தில் நின்ற சம்பந்தியின் தம்பி, எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: “ராவா அடிக்கிற ஆளு நமக்குப் புத்தி சொல்றாரு பாருங்க.”

அதற்கு மேல் என் மனைவிக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போனது. என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. “மாட்டுக்குத் தண்ணி கலக்கற மாதிரி கலந்து ஊத்திக்கிட்டு, செருப்பு மாட்டத் தெரியாம வண்டியில ஏறியிருக்கறீங்க, இதுல மரியாத வேற கேக்குதா?” என்று கத்தினேன். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். நான் பின் ஜன்னலுக்குப் போய், பையனிடம் சாவியை நீட்டினேன். “தம்பி, நீங்க குடிக்கல. இந்தாங்க, நீங்க ஓட்டுங்க.”

பையன் சாவியைப் பார்த்தான். அப்பாவின் பின்தலையைப் பார்த்தான். “அப்பா எப்பவும் இப்படித்தானுங்க மாமா ஓட்டுவாரு. ஒண்ணும் ஆகாதுங்க” என்றான். நல்ல குரல், மரியாதையான குரல். கை மடியிலேயே இருந்தது.

“எறங்கு கண்ணு” என்று என் பெண்ணிடம் சொன்னேன்.

அவள் உடனே இறங்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனை எடுத்து எதையோ பார்த்தான். அப்புறம்தான் கதவைத் திறந்து இறங்கினாள். சாவியை நான் அவனுடைய அம்மாவின் கையில் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கி, முன்னால் நீட்டித் தன் கணவரிடமே கொடுத்தார்! வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அவர்கள் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதையும் மறுநாள் போன் போட்டுச் சொன்னார்கள். என்னவோ அதனால் நான் சொன்னது தப்பாகிவிட்ட மாதிரி.

அடுத்த வாரம் முழுக்க என் பெண் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். நானாகப் போய்ப் பேச எனக்கும் தைரியம் வரவில்லை. அப்புறம் அந்த உறவுக்காரரிடமிருந்து போன் வந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாம். ஊரெல்லாம் காரணம் பரவியிருந்தது: பெண்ணின் அப்பன் ராவாக் குடித்துவிட்டு, கெடா வெட்டுக்குப் போன இடத்தில் கலாட்டா பண்ணிவிட்டான். என் பெரியப்பா மகன் வந்து, “நான் அப்பவே பயந்தனுங்ண்ணா” என்று துக்கம் விசாரித்தான். நடுவில் மனைவி நிற்காவிட்டால் அவனை அன்றைக்கு லேத்தில் மாட்டிக் கடைந்திருப்பேன்.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஒரே ஒரு டம்ளர், அதுவும் அவர்கள் கலக்கிய கண்றாவி, அதைக் குடித்தவன் குடிகாரன். நேராக வெள்ளகோவிலுக்கே போய், அவர் மில் வாசலில் நின்று, நாலு பேர் கேட்கக் கேட்டுவிட்டு வருவது என்று சட்டையை மாட்டினேன். மனைவி தடுத்துப் பார்த்தாள். “என் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துப்போட்டு என்னக் குடிகாரன்கறாங்க, நான் கேக்காம விடுவனா?” என்று கத்தினேன்.

என் பெண் ரூமிலிருந்து வந்தாள். “எங்கியும் போகாதீங்கப்பா. அவுங்க நிறுத்தல. நான்தான் நிறுத்துனேன்.”

எனக்குப் புரியவில்லை.

“அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். வெளிய என்ன சொல்லறதுன்னு கேட்டாரு. உங்க இஷ்டம்னு சொன்னேன். அவுங்க உங்களச் சொல்லிக்கிட்டாங்க.”

“அடிப்பாவி, அத எங்கிட்ட ஏம்மா சொல்லல? இத்தன நாளா என்னால நின்னுபோச்சுன்னு நான் தூங்காம கெடக்கறேன்!”

“சொன்னா நீங்க செயிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சுக்குவீங்க” என்றாள். “நீங்க கையில சாவியக் குடுத்தும் அவரு வாங்கலப்பா. நான் எறங்குன பொறகும் அவரு எறங்கல. எல்லாம் நான் பாத்தேன். ஆனா எனக்கு அவரப் புடிச்சிருந்துதுப்பா. ரொம்பப் புடிச்சிருந்துது. அத யாருமே கேக்கல. நீங்க உங்க பாட்டிலப் பத்தியே கத்திக்கிட்டு இருந்தீங்க.”

அவள் அழுது நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டேன். “தள்ளி உக்காருங்கப்பா” என்றாள். தள்ளி உட்கார்ந்தேன்.